முப்பது டிகிரி வெளிப்பக்கம்

போன மாதம் எங்கள் பழைய கண் ஆஸ்பத்திரியில் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களை வருடத்துக்கு ஒரு முறை வரவழைத்துச் சாம்பார் சாதமும் ஒரு சால்வையும் கொடுப்பது அங்கே வழக்கம். சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் ஷாலினி என்னைப் பிடித்துக்கொண்டாள். ஸ்கேன் அறையில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். ஈரோட்டுப் பெண். கணவருக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்பதால் மாங்காட்டில் ஒரு புது அடுக்ககத்தில் குடியிருக்கிறாள்.

"மேடம், உங்களை ஒண்ணு கேக்கோணும். நம்ம ஸ்கேன் ஃபாரத்துல முப்பது டிகிரி கட்டத்தை எதுக்குங்க மொதல்ல வச்சிருக்காங்க? அதை நிரப்பாம கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கே போக மாட்டேங்குது."

"தொல்லையா இருக்கா?"

"தொல்லைதானுங்க. தெனமும் திட்டிக்கிட்டேதான் நிரப்புறேன். வச்சது யாருன்னு தெரிஞ்சா நேராவே திட்டிப்போடலாம்."

"நான்தான் வச்சேன்."

ஷாலினி ஈரக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு இருவரும் சிரித்துவிட்டோம். ஏன் வைத்தேன் என்று கேட்டாள். குழாயடியில் நின்று சொல்லி முடிக்கிற காரணம் இல்லை அது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எழுதுவதற்குக் குறிப்புகள் இருக்கின்றன. வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை நாட்குறிப்பு எழுதியிருக்கிறேன். கிழமை, மணி, அறையின் வெப்பம், யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று எல்லாம் இருக்கும். படிப்பவர்கள் மன்னிக்க வேண்டும், வருடத்தை மட்டும் இங்கே எழுதப் போவதில்லை. அந்தக் குடும்பம் இன்னும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். கிழமைகளும் மணிகளும் உள்ளபடியே.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரம் ஓட்டினார். குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். எக்ஸ்ரே படித்தேன், அம்பத்தூரில் ஒரு சிறிய ஸ்கேன் கூடத்தில் சில வருடம் வயிறும் கல்லீரலும் பார்த்தேன். பூந்தமல்லிச் சாலையில் கண் ஆஸ்பத்திரி திறந்தபோது விண்ணப்பித்தேன், கிடைத்தது. கண்ணுக்குள் ஒலியை அனுப்பிப் படம் எடுக்கலாம் என்பதே அங்கே சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

அந்த அறையை இன்றும் கனவில் பார்க்கிறேன். சன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் சாலையின் இரைச்சல் தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல் மங்கிவிடும். வெளிச்சம் என்றால் திரையின் சாம்பல் வெளிச்சம் மட்டும்தான். நோயாளி சாய்வு நாற்காலியில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். இமையின் மேல் குளிர்ந்த ஜெல்லை வைத்து, தடித்த பேனாவைப் போன்ற கருவியை அதன் மேல் மெல்லப் பொருத்துவேன். அதை நாங்கள் ப்ரோப் என்போம். அதன் ஒரு பக்கத்தில் வெள்ளைப் புள்ளி ஒன்று இருக்கும். புள்ளி பார்க்கும் திசைதான் திரையில் மேல்பக்கம். அதை மறந்தால் வலது இடதாகிவிடும், மேல் கீழாகிவிடும்.

பிறகு திரையில் மெதுவாக ஒரு ஏரி தோன்றும். அப்படித்தான் எனக்குத் தோன்றியது, முதல் நாளிலிருந்தே. வட்டமான கறுத்த நீர்ப்பரப்பு, அதுதான் கண்ணின் உள்ளே இருக்கும் தெளிவான பகுதி. அதற்கு அப்பால் பளீரென்று வெள்ளைக் கரை, கண்ணுக்குப் பின்னால் இருக்கும் கொழுப்பு. அந்தக் கரையைப் பிளந்துகொண்டு உள்ளே போகும் ஒரு இருண்ட வாய்க்கால். அதுதான் பார்வை நரம்பு. மனிதர் பார்ப்பதெல்லாம் அந்த வாய்க்கால் வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் மதகைப் பேருந்து சன்னல் வழியாகப் பார்க்கும் நாட்களில், திரையில் பார்த்த யாரோ ஒருவருடைய கண் நினைவுக்கு வரும்.

நரம்பைச் சுற்றி ஒரு உறை உண்டு. மூளையைச் சுற்றியிருக்கும் நீர் அந்த உறைக்குள்ளும் வந்து நிற்கும். தலைக்குள் அழுத்தம் கூடினால் உறை உப்பும். கண்ணின் பின்சுவரிலிருந்து மூன்று மில்லிமீட்டர் தள்ளி அதன் அகலத்தை அளப்போம். ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டினால் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவோம். ஆனால் உப்பியிருப்பது நீராலா, அல்லது நரம்பே தடித்துப்போயிருக்கிறதா? அதற்குத்தான் முப்பது டிகிரி. கண்ணை நேராக வைத்து ஒரு முறை அளக்க வேண்டும். பிறகு முப்பது டிகிரி வெளிப்பக்கம், அதாவது காதுப் பக்கம் திருப்பச் சொல்லி இன்னொரு முறை. கண் திரும்பும்போது நரம்பு இழுபடும். பாதி நிரம்பிய தண்ணீர் பாக்கெட்டை இரண்டு முனையிலும் பிடித்து இழுத்தால் அது மெலிகிறதல்லவா, அதுபோல உறையும் மெலியும். மெலிந்தால் உள்ளே நீர். மெலியாவிட்டால் வேறு ஏதோ.

முப்பது டிகிரி எங்கே இருக்கிறது என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்? அதற்கு டாக்டர் சபாபதி ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடப் பாகைமானியோடும் நூல்கண்டோடும் வந்து, நாற்காலியின் தலைப்பகுதியிலிருந்து சுவர்வரை நூல் கட்டி அளந்தார். அளந்த இடத்தில் ஒட்ட எதுவும் கிடைக்கவில்லை. என் கைப்பையிலிருந்த ஸ்டிக்கர் பொட்டு அட்டையை நீட்டினேன். இடப்பக்கச் சுவரில் ஒரு சிவப்புப் பொட்டு, வலப்பக்கச் சுவரில் ஒன்று. இந்தச் சோதனைக்கு மட்டும் கண்ணைத் திறந்து, மரத்துப்போகும் சொட்டு விட்டு, ப்ரோப்பைக் கண்ணின் வெள்ளைப் பகுதியிலேயே வைக்க வேண்டும். நோயாளி மற்றக் கண்ணால் பொட்டைப் பார்ப்பார்.

டாக்டர் சபாபதி எங்கள் தலைமை டாக்டர். துப்புரவுப் பணியாளர் முதல் எல்லோரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். திரையைப் பார்ப்பதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைப்பார். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. என் அறிக்கையைப் படித்துவிட்டு "அப்புறம்?" என்பார். அவ்வளவுதான். எல்லாம் எழுதியிருந்தாலும் "அப்புறம்?" வரும். விட்டுப்போனது எதுவும் இல்லையென்றால் "இவ்வளவுதான் சார்" என்று சொல்லும் தைரியம் நமக்கு இருக்க வேண்டும். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே நான் மருத்துவப் புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்தேன். கப்பல்கள் கடலடியை ஒலியால் தேடிய கதையை அம்பத்தூர் நூலகத்தில் இரண்டு முறை எடுத்து வந்தேன்.

இனி அந்த வியாழக்கிழமை.

பகல் பன்னிரண்டு இருபதுக்கு ஒரு தம்பதி உள்ளே வந்தார்கள். மனைவி ரேவதி, இருபத்தாறு வயது, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் தையல். பிரசவத்துக்குப் பிறகு உடம்பு போட்டிருந்தது. கணவன் சேகர், காட்டுப்பாக்கம் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் தோளில் எட்டு மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கப் போன இடத்தில், இரண்டு கண்ணிலும் நரம்பின் தலை உப்பியதுபோல் இருக்கிறது என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். கூடவே ஒரு வரி: இரண்டு மாதமாகத் தலைவலி, குனிந்தால் ஒரு நொடி பார்வை இருட்டுகிறது.

அந்த வரியை நான் படித்தேன். படிக்கவில்லை என்று சொல்ல முடியாது.

ரேவதி திரையைப் பார்த்தாள். "அக்கா, புள்ள வயித்துல இருக்கசொல்ல வச்சிப் பாத்தாங்களே, அந்த மிசினா இது?"

"அதோட தங்கச்சி."

"அப்ப கண்ணுக்குள்ள இன்னொரு புள்ள கீதான்னு பாருங்க மேடம்," என்றான் சேகர். "இது ஒண்ணயே சமாளிக்க முடில."

"சும்மா இருய்யா, அக்கா தப்பா நெனச்சிக்கப் போறாங்க," என்றாள் அவள். ஆனால் சிரித்தாள். சிரித்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள்.

ஏரி தோன்றியது. கரையில், வாய்க்கால் தொடங்கும் வாயிலேயே, ஏதோ மின்னியது.

இங்கே நான் கொஞ்சம் நிற்க வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே நரம்பின் தலைக்குள் சுண்ணாம்புத் துகள் சேர்ந்து மணிபோல் ஆகியிருக்கும். ட்ரூசன் என்று பெயர். பெரும்பாலும் அவசரமான தீங்கு எதுவும் செய்யாது. ஆனால் வெளியிலிருந்து பார்க்கும் டாக்டருக்கு அது வீக்கம்போலவே தெரியும். அது மணிதானா என்று பார்க்க எங்களிடம் ஒரு அழகான வழி இருக்கிறது. கெயின் என்ற குமிழைத் திருகி, திரும்பி வரும் எதிரொலியைக் கருவி பெருக்கும் அளவைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். ஏரிக்கரை மங்கும். கொழுப்பு மறையும். எல்லாம் அந்தி சாய்வதுபோல் ஒவ்வொன்றாக அணைந்துபோகும். கடைசியில், திரை முழுக்கக் கறுப்பான பிறகும், அந்த ஒரு மணி மட்டும் ஒற்றை நட்சத்திரமாக நிற்கும்.

என் வேலையில் நான் மிகவும் நேசித்த காட்சி அதுதான். ரேவதியின் வலது கண்ணில் ஒரு நட்சத்திரம், இடது கண்ணில் ஒன்று. குமிழைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. குழந்தையின் மூச்சு கேட்டது. ஏசி நின்று மறுபடி ஓடத் தொடங்கியது. கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்ற நிம்மதி உடம்பு முழுவதும் இறங்கியது. இதைப் படிக்கும் ஸ்கேன்காரர்களுக்குத் தெரியும், அந்த நிம்மதி எவ்வளவு இனிப்பானது என்று. கெயினை மறுபடி ஏற்றினேன். மணியின் நிழல் பின்னால் நரம்பின் மேல் விழுந்து அளவெடுக்க விடாமல் மறைத்தது. ப்ரோப்பைச் சாய்த்து நிழலைத் தாண்டி அளந்திருக்கலாம். காரணம் கிடைத்துவிட்டதே, அளந்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். மரப்புச் சொட்டு மருந்துப் புட்டியைத் திறக்கவே இல்லை. சுவரில் இரண்டு பொட்டும் சும்மா இருந்தன.

ஜெல்லைத் துடைத்துவிட்டபோது சேகர் கேட்டான். "சீரியஸா எதுனா கீதா மேடம்? மறைக்காம சொல்லுங்க."

டாக்டர் அறுவைசிகிச்சையில் இருந்தார், இரண்டரைக்குத்தான் வருவார். நான் சொல்லியிருக்கவே கூடாது. சொன்னேன்.

"பயப்பட ஒண்ணும் இல்ல. சின்னச் சுண்ணாம்பு மணி மாதிரி. பிறவியிலயே சில பேருக்கு இருக்கும்."

ரேவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜெல்லை அல்ல. "ரெண்டு மாசமா தூங்கல அக்கா. புள்ள மூஞ்சியப் பாக்க முடியாமப் பூடுமோன்னு." பிறகு, மூச்சு வந்தவள்போலப் பேசத் தொடங்கினாள். அன்று சாயந்திரம் ஐந்து மணி பஸ்ஸில் செய்யாறு பக்கம் அம்மா வீட்டுக்குப் போகிறாளாம். குழந்தைக்குக் காது குத்து. ஒரு மாதம் இருந்துவிட்டுத்தான் வருவாளாம்.

"நல்லபடியா போயிட்டு வாங்க," என்றேன். டாக்டரைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னேனா என்று நாட்குறிப்பில் இல்லை. சொல்லியிருந்தாலும் அவர்கள் காதில் விழுந்திருக்காது.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது டாக்டர் வந்தார். என் அறிக்கையைப் படித்தார்.

"அப்புறம்?"

"ரெண்டு கண்ணிலயும் ட்ரூசன் சார். அதான் காரணம்."

"சரி. அப்புறம்?"

அவர் கண்ணாடிக் கடைக் கடிதத்தைத் திருப்பி அந்த ஒரு வரியின் கீழ் விரலை வைத்தார்.

"மணி தலைவலி குடுக்காதும்மா. குனிஞ்சா இருட்டவும் வைக்காது. நரம்பு அகலம் எவ்வளவு?"

"மணியோட நிழல் விழுந்துது சார்."

"நிழலைச் சுத்திக்கிட்டுப் போகலாமே." குரலில் எந்த மாற்றமும் இல்லை. "மணி இருக்கிற நரம்புல தண்ணி வரக் கூடாதுன்னு ஏதாவது இருக்கா? ரெண்டும் சேர்ந்து இருக்கலாம். கூப்பிடுங்க அவங்களை, நாம பார்த்திடலாம்."

வெளியே ஓடினேன். பெஞ்சில் வேறு யாரோ இருந்தார்கள். பதிவில் இருந்த எண்ணைக் கூப்பிட்டேன், நீளமாக மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அதுவே. அழுத்தம் உண்மையாக இருந்தால் ஒரு மாதம் என்பது எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். வாரக்கணக்கில் பார்வை ஓரங்களிலிருந்து கரைந்து போனவர்களை அதே நாற்காலியில் அளந்திருக்கிறேன். மணி மூன்று ஐந்து. பஸ் ஐந்துக்கு.

"போய்ட்டு வர்றேன் சார்," என்றேன்.

"வாங்க. நான் இங்கதான் இருப்பேன்."

செருப்பை மாற்றக்கூடத் தோன்றவில்லை. ஸ்கேன் அறைக்குப் போடும் ரப்பர் செருப்போடு காட்டுப்பாக்கத்தில் போய் இறங்கினேன். ஸ்டாண்டில் நான்கைந்து பேர் ஆட்டோவில் சாய்ந்துகொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். சேகர் எங்கே என்றேன்.

"சேகரா? ஊட்டாண்ட பூட்டாம்மா," என்றார் தாடி வைத்த ஒருவர். "இன்னிக்கு அவரு ராஜா. வூட்டுக்காரம்மா கண்ணுல ஒண்ணும் இல்லேன்னு ஆஸ்பத்திரில சொல்ட்டாங்களாம். ஸ்டாண்டுல அல்லாருக்கும் டீ வாங்கிக் குட்த்துட்டுப் போறான்."

"டீயா? எனக்கு வடையும் சேத்து," என்றார் இன்னொருவர். "சேகரு கஞ்சன் மாமே. அவன் கையால வடை துன்னது ஸ்டாண்டு வரலாத்துலயே கெடயாது. சொன்ன டாக்டரு நல்லாருக்கணும்."

டாக்டர் சொல்லவில்லை, நான் சொன்னேன் என்று அவர்களிடம் சொல்ல வாய் வரவில்லை. "அவரை உடனே பார்க்கணும். வீடு காட்ட முடியுமா?" என்றேன். தாடிக்காரர் என் முகத்தையும் செருப்பையும் பார்த்தார். ஆட்டோவை எடுத்தார்.

வழியெல்லாம் நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. வெயில் அடித்தது, ஆனால் எல்லாவற்றின் மேலும் மெல்லிய சாம்பல் படர்ந்ததுபோல் இருந்தது. புதிய அடுக்ககங்கள், அவற்றின் பால்கனியில் காயும் துணிகள், சிமெண்ட் லாரிகள் எல்லாம் திரைக்குள் நகர்வதுபோல் ஒலியில்லாமல் நகர்ந்தன.

வீட்டு வாசலில் பெட்டி கட்டி வைத்திருந்தது. சேகர் குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான், முகம் மலர்ந்தது. "வாங்க மேடம்! எதுனா வச்சிட்டு வந்துட்டமா?"

"இல்ல. நான்தான் ஒண்ணை விட்டுட்டேன். ஒரு அளவு எடுக்கணும். அதை எடுக்காம ஊருக்குப் போகக் கூடாது."

மலர்ந்த முகம் மெல்ல மூடியதைப் பார்த்தேன். "இன்னா மேடம் சொல்றீங்க? அப்ப ஒண்ணும் இல்லேன்னீங்க. இப்ப வந்துகினு கீதுன்றீங்க?"

"இருக்குன்னு சொல்லல. இல்லேன்னு சொன்னது தப்புன்னு சொல்றேன்."

"இது நல்லா கீதே. கேஸு கம்மியா கீதுன்னு ஊட்டுக்கே வந்து புட்ச்சிகினு போறீங்களா? ஐயர வச்சி நேரம் பாத்து, மாமனெல்லாம் அங்க வந்துட்டான். ஒரு மாசம் கயிச்சி வந்து எடுத்துக்கிறோம். கண்ணு இன்னா ஓடியா பூடும்?"

"ஓடிப் போகலாம்," என்றேன். அதற்குமேல் மெதுவாகச் சொல்லத் தெரியவில்லை. "தலைக்குள்ள அழுத்தம் இருந்தா ஒரு மாசத்துல பார்வை போயிடலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியல. தெரியாம உங்ககிட்ட தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன். அது என் தப்பு. டாக்டர் சொல்லல, ஆஸ்பத்திரி சொல்லல. நான் சொன்னேன்."

தாடிக்காரர் வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேகர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். உள்ளேயிருந்து ரேவதி வந்தாள். தலைவாரிப் பூ வைத்திருந்தாள்.

"போலாம்யா."

"இன்னா போலாம்? பஸ்ஸு?"

"கட்டிலுக்கு அடில பெட்டிய இஸ்க்கறதுக்குக் குனிஞ்சேன். மொத்தமா இருட்டிக்கினு வந்துச்சு. செவுத்தப் புட்ச்சிகினு நின்னேன்."

"எப்போ?"

"வந்ததும்தான்."

"ஏன் சொல்லல?"

"டீ வாங்கிக் குட்த்துட்டு வந்து பாடிகினு இருந்தியே," என்றாள் அவள். "எப்டிச் சொல்றது."

சேகர் குழந்தையைத் தூக்கிக்கொண்டான். சாவியை எடுத்தான்.

நான்கு மணி இருபதுக்கு நாங்கள் மறுபடி அந்த அறையில் இருந்தோம். டாக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்தார். என் நாற்காலியில் அவர் உட்காரவில்லை. "நீங்களே எடுங்க," என்றார். சொட்டு மருந்து விட்டேன், மரக்கும்வரை காத்திருந்தேன். நிழலைத் தவிர்த்து ப்ரோப்பைச் சாய்த்தேன். இடது கண், நேர்ப்பார்வை: ஆறு புள்ளி இரண்டு. பிறகு ரேவதியிடம் சொன்னேன், "வலது கண்ணால இடது பக்கச் செவுத்துல இருக்கிற சிவப்புப் பொட்டைப் பாரும்மா. அசையாம."

"யார் பொட்டுக்கா அது?"

"என்னோடது. பாத்துக்கிட்டே இரு."

அவள் பார்த்தாள். வாய்க்கால் இழுபட்டது, மெலிந்தது. ஐந்து புள்ளி ஒன்று. மறுபடி எடுத்தேன், அதேதான். வலது கண்ணிலும் அப்படியே. நட்சத்திரத்துக்குப் பின்னால், அதன் நிழலுக்குள், இத்தனை நேரமும் நீர் நின்றுகொண்டிருந்தது. டாக்டர் வெளியே போய்த் தொலைபேசியை எடுத்தார். அன்று மாலை வெளிச்சம் மங்குவதற்குள் ரேவதி நரம்பியல் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தாள். எம்.ஆர்.ஐ.யில் கட்டி எதுவும் இல்லை. முதுகில் ஊசி போட்டு அளந்தபோது நீரின் அழுத்தம் மிக அதிகம் என்று தெரிந்தது. மாத்திரை தொடங்கினார்கள், உடம்பைக் குறைக்கச் சொன்னார்கள். அறுவைசிகிச்சை வரை போகவில்லை. காது குத்து தை மாதத்துக்குத் தள்ளிப்போனது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு டாக்டர் ஒரு வெள்ளைத் தாளையும் அளவுகோலையும் என் மேசையில் வைத்தார். "புது ஃபாரம் ஒண்ணு போடணும். எந்தக் கட்டம் எங்க வரணும்னு நீங்களே போடுங்க." வேறு எதுவும் பேசவில்லை, அன்றும் சரி, அதன் பிறகும் சரி. முதல் கட்டமாக எதைப் போட்டேன் என்று ஷாலினிக்குத் தெரியும். மணி இருக்கிறதா இல்லையா என்ற கட்டத்தைக் கடைசியில் வைத்தேன். நட்சத்திரத்தைப் பார்ப்பதற்கு முன் வாய்க்காலை அளந்திருக்க வேண்டும். பின்னாளில் அந்தத் தாள் கம்ப்யூட்டருக்குள் போனபோது, கட்டங்களும் அதே வரிசையில் போயின.

மூன்று மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்று பத்துக்கு, ரேவதி மறுபரிசோதனைக்கு வந்தாள். இளைத்திருந்தாள். சேகர் உள்ளே வரவில்லை, வண்டியில் இருக்கிறான் என்றாள். நேர்ப்பார்வையில் நான்கு புள்ளி நான்கு. வெளிப்பக்கம் பார்த்தபோதும் நான்கு புள்ளி நான்கு. இழுபட நீர் இல்லை. அன்று அவள் திரையைத் திருப்பிக் காட்டச் சொன்னாள். படத்தை நிறுத்திக் காட்டினேன்.

"இதுவா அக்கா? இது வழியாவா நான் பாக்கறேன்?"

"இதேதான்."

"கறுப்பா கீதே."

"நல்லா இருந்தா கறுப்பாத்தான் இருக்கும்."

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கண்ணின் பார்வையில் கீழ் மூலையில் ஒரு துண்டு போய்விட்டது. அது எங்களிடம் வருவதற்கு முன்பே போயிருக்க வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். அது திரும்பாது. எந்த மணி நேரத்தில் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. நான் மட்டும் என் குறிப்புகளில் அந்த வியாழக்கிழமை, அவர்களை நான் அனுப்பிவைத்த பன்னிரண்டு ஐம்பதிலிருந்து நான்கு இருபதுவரை எத்தனையோ முறை போய்வந்திருக்கிறேன்.

"போன துண்டு இதுல தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது. இது அகலத்தைத்தான் காட்டும். நீ என்ன பாக்கறேன்னு இதுக்குத் தெரியாது."

அவள் வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டாள். மடியில் குழந்தை இருப்பதுபோல் மற்றக் கையை வளைத்துக் கீழே பார்த்தாள்.

"இந்தக் கண்ணை மட்டும் வச்சிப் பாத்தா அவன் மூஞ்சி தெரியுது, காலு தெரில," என்றாள். "கொஞ்சம் குனிஞ்சா காலும் தெரியுது. இப்பதான் குனிஞ்சா இருட்டறதில்லையே. குனிஞ்சிக்கிறேன்."